பெல்ட் இல்லாத ஃபிரிட்ஜ்

எங்கள் வீட்டில் எந்தப் பொருளும் தன் வேலையைச் செய்வதில்லை. இன்னொன்றின் வேலையைத்தான் செய்கிறது. குளியலறைக்குத் தாழ்ப்பாள் ஒரு பழைய கரண்டி. ஆடும் ஜன்னலை இழுத்துக் கட்டியிருப்பது துணி காயப்போடும் கொடிக்கயிறு. எல்லாம் என் வீட்டுக்காரர் உபயம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து, புதுசு என்று சொன்னாலே முகம் சுளிப்பார்.

அன்று மகனுக்கு நேர்முகத் தேர்வு. எனக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் சமையலறைக்கும் நடையாய் நடந்தேன்.

குளித்த ஈரத்துண்டை என்னிடம் நீட்டிவிட்டு, நழுவும் பேன்ட்டைப் பிடித்தபடி மகன் கேட்டான்: "அம்மா, என் பெல்ட் எங்க?"

பெல்ட் ஃபிரிட்ஜைச் சுற்றி இறுக்கியிருந்தது. ரப்பர் போன கதவை அதுதான் மூடி வைத்திருந்தது.

அவிழ்த்துக் கொடுத்தேன். கதவு ஆவென்று வாயைப் பிளந்தது. வீட்டுக்காரர் ஓடிவந்து முதுகைக் கொடுத்து மூடினார். மகன் பெல்ட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

"இப்பவாவது புதுசு வாங்கலாமா?" என்றேன்.

"எதுக்கு? அவன் வர்ற வரைக்கும் நான் நிக்கிறேன்."

ஓய்வு பெற்ற பிறகு அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வாயெடுத்தேன். கையில் ஈரத்துண்டு சொட்டிக்கொண்டிருந்தது. கொடிக்கயிறோ ஜன்னலில்.

"கையை நீட்டுங்க," என்றேன்.

நீட்டினார். துண்டை உதறி, சுருக்கமில்லாமல் அதன்மேல் காயப்போட்டேன்.