இருநூற்றேழாம் குழாயின் இருமல்

மைனஸ் எண்பது டிகிரியில் உறைந்து கிடந்த நானூற்றுப் பன்னிரண்டு ரத்தக் குழாய்களில் முப்பத்தொன்று, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு இருமத் தொடங்கின. புற்றுநோய் மருத்துவமனையின் நான்காம் மாடி ஆய்வுக்கூடத்தில் அப்போது இருந்தவர் லேப் அக்கா ஒருவர்தான். இருபத்தாறு வருட சர்வீஸ். அவர் முதலில் சந்தேகப்பட்டது ஆழ்குளிர்ப் பெட்டியின் கம்ப்ரஸரை. பெட்டி பழுதுபார்ப்பவர் வந்து கதவைத் திறந்தார். முப்பத்தொரு இருமலும் ஒன்றாக முகத்தில் அடித்தது. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, 'இயந்திரத்தில் கோளாறு இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவர் எழுதியது சரிதான். கோளாறு இயந்திரத்தில் இல்லை.

அந்தக் குழாய்கள் எல்லாம் புகைப்பவர்களின் ரத்தம். ஒரே மாதிரி முப்பது வருடம், ஒரே மாதிரி நாளுக்கு இருபது சிகரெட் பிடித்த இரண்டு பேரில் ஒருவருக்கு நுரையீரலில் புற்று வருகிறது, இன்னொருவர் எண்பது வயதிலும் ஊதித் தள்ளிக்கொண்டு திரிகிறார். யாருக்கு வரும் என்பதை ரத்தத்தில் மிதக்கும் நான்கு புரதங்களின் அளவை வைத்து முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று பார்ப்பதற்கான ஐந்தாண்டு ஆய்வு அது. சொல்ல முடிந்தால் அந்த ஆட்களை முதலில் ஸ்கேன் எடுத்து, கட்டி பட்டாணி அளவில் இருக்கும்போதே வெட்டி எடுத்துவிடலாம். குழாய்களின் மேல் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் பெரிய டாக்டரின் அலமாரியில் பூட்டிக் கிடந்தது. வேலை செய்பவர்களுக்கு ஆள் தெரிந்தால் அளவில் கை சாய்ந்துவிடும் என்பதால் அப்படி ஓர் ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒவ்வொரு குழாயும் அதன் சொந்தக்காரரின் இருமலையே இருமியது. அதை எந்த அலமாரியில் பூட்டுவது?

மூன்று குட்டி இருமல், ஒரு நீள இருமல், பிறகு ஏதோ பேச வருவதுபோல ஒரு செருமல். இருநூற்றேழாம் எண்ணின் இருமல் அதுதான். லேப் அக்காவுக்கு அது யாருடையது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தன் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் பொதுவாக நின்ற ஒற்றைச் சுவர் வழியே இருபத்தொன்பது வருடமாக அதைக் கேட்டுக்கொண்டே சமைத்தவர், துணி மடித்தவர் அவர். தம்பிக்கு ஐம்பத்தொரு வயது. லிஃப்ட் மெக்கானிக். ஆய்வுக்கு ரத்தம் கொடுக்க அவனைக் கையைப் பிடித்து இழுத்து வந்ததே அவர்தான். அவர்களுடைய அப்பாவும் இப்படியே இருமினார். கண்டுபிடித்தபோது மூன்று மாதம்தான் மிச்சம் இருந்தது. தம்பிக்கும் அப்படி ஆகக்கூடாது என்பதைத் தவிர லேப் அக்காவுக்கு இந்த உலகத்தில் அப்போது வேறு கவலை இருக்கவில்லை.

அவர் பெரிய டாக்டரிடம் போனார். பெரிய டாக்டர் நல்ல மனிதர், காது கொடுத்துக் கேட்டார். கேட்டுவிட்டு, "இருமலுக்கு யூனிட் என்ன மேடம்? நாளைக்கு ஒருத்தர் கேட்டா நான் என்ன சொல்றது?" என்றார். புரதத்துக்கு அளவு உண்டு, இருமலுக்கு இல்லை. புரதக் கணக்கில் இருநூற்றேழு 'இடைநிலை' என்று வந்திருந்தது. இடைநிலை ஆட்களை இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் போதும். விஷயம் நெறிமுறைக் குழுவுக்குப் போனது. குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் கூடும். கூடியபோது ஒரு உறுப்பினர், ரத்தம் எடுக்க மட்டும்தானே சம்மதம் வாங்கியிருக்கிறோம், குரலைக் கேட்கச் சம்மதப் படிவத்தில் இடமில்லையே என்றார். எல்லோரும் அதை மெச்சிக்கொண்டார்கள். இதை ஆராய ஒரு துணைக் குழு அமைக்கவும், அதுவரை குழாய்களைப் பஞ்சில் சுற்றி வைக்கவும் முடிவானது. முப்பத்தொரு குழாய்களுக்கும் லேப் அக்கா தன் கையாலேயே பஞ்சு சுற்றினார். இருநூற்றேழுக்குச் சுற்றும்போது மட்டும் வாய்விட்டுத் திட்டினார். குழுவைத் திட்டினாரா, தம்பியைத் திட்டினாரா என்பது அவருக்கே தெரியாது.

விதியை மீறித் தம்பியிடம் சொல்லியும் பார்த்தார். அவன் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே, "உன் குழாய்தானேக்கா இருமுது? அதுக்கு மருந்து குடு. எனக்கு ஒண்ணுமில்ல" என்றான். மறுநாள் காலை லேப் அக்கா வீட்டுக் கதவின் கைப்பிடியில் ஒரு பாட்டில் இருமல் மருந்து தொங்கியது. தம்பி மனைவி சுவருக்கு அந்தப் பக்கம் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் தெளிவாகக் கேட்டது. அவள் இருபது வருடம் வாய் வலிக்கச் சொல்லிச் சலித்து, இப்போது அவனுடைய புகை நாறும் சட்டைகளை மட்டும் தனியாகத் துவைத்துக்கொண்டிருந்தாள்.

செய்தி எப்படியோ கசிந்தது. ஆய்வில் இருந்த மற்றவர்கள் வரிசையாக வந்து, தங்கள் குழாய் இருமுகிறதா என்று மட்டும் சொல்லுங்கள், வேறெதுவும் வேண்டாம் என்று கெஞ்சினார்கள். சொல்லக்கூடாது என்று சொல்லியும் கேட்கவில்லை. கதவுக்கு வெளியே நின்று அவரவர் இருமலுக்குக் காது கொடுத்தார்கள். தன் இருமல் கேட்கவில்லை என்று தீர்மானித்த ஆட்கள் நேராகக் கீழே இறங்கி, மருத்துவமனை வாசலுக்கு எதிரே நின்று, அரசாங்கமே அனுமதி கொடுத்ததுபோல ஆளுக்கு ஒன்று பற்ற வைத்தார்கள். ஒரு பள்ளி வேன் ஓட்டுநர் ஒன்றிலிருந்து இரண்டு பாக்கெட்டுக்கு உயர்ந்தார். தன் இருமலைக் கேட்டுவிட்டதாக நினைத்தவர்களோ, இனிமேல் விட்டு என்ன ஆகப்போகிறது என்று அதே இடத்தில் நின்று பற்ற வைத்தார்கள். நான்காம் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே தெரியாது. இப்படிப்பட்டவர்களுக்காக ஐந்து வருடம் ஆய்வு நடத்துவது எந்த ஊர் நியாயம் என்று லேப் அக்கா பெரிய டாக்டரிடம் கேட்டார்.

இந்த நிலையில் மருத்துவமனை லிஃப்ட் நான்காம் மாடியில் நின்றுவிட்டது. பழுதுபார்க்கத் தம்பிதான் வந்தான். அவன் தொழிலில் சூரன், அதை யாரும் மறுக்க முடியாது. நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை மோட்டாரின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டானென்றால் எந்த பேரிங் எத்தனை நாளில் போகும் என்று சொல்லிவிடுவான். அவன் சொல்லியும் மாற்றாமல் விட்ட கட்டடக்காரர்களை அவன் திட்டாத திட்டில்லை. பாகம் வருவதற்காகக் காத்திருந்தபோது, ஆய்வுக்கூடத்திலிருந்து ஏதோ உராயும் சத்தம் வருவதாக அவனுக்குப் பட்டது. உள்ளே வந்தான். துணைக் குழு எந்த நாளும் பார்வையிட வரலாம் என்று சொல்லியிருந்ததால் லேப் அக்கா முப்பத்தொரு குழாய்களையும் பஞ்சு நீக்கி, உலர்பனிக் கட்டிமேல் அடுக்கி வைத்திருந்தார். யாரும் கேட்காமலேயே அவன் ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஒவ்வொரு மூடியின் மேலும் வைத்துக் கேட்டுக்கொண்டு போனான். இது வெறும் தூசு என்றான். இது ஒரு வருடம் ஓடும் என்றான். இருநூற்றேழில் நின்று, இரண்டு முறை கேட்டான்.

"யாரு ஓட்டுறா இதை? ரொம்ப நாள் தாங்காது. இன்னைக்கே நிறுத்திப் பிரிச்சுப் பார்க்கணும். அப்படியே விட்டா அவனை மாதிரி முட்டாள் கிடையாது."

"நீதான்டா" என்றார் லேப் அக்கா.

தன் இருமல் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரிவதில்லை. அவனும் நம்பவில்லை. சும்மா பயமுறுத்துகிறாய் என்று சத்தம் போட்டான். அப்போது குழாய் மூன்று குட்டி இருமலும் ஒரு நீள இருமலும் இருமிச் செருமியது. சரியாக இரண்டு நொடி கழித்து அவன் அதையே இருமிச் செருமினான். மறுபடி குழாய், மறுபடி அவன். குழாய்தான் எப்போதும் முந்தியது. நான்காவது முறை அவன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு பார்த்தான், கைக்குள்ளேயே வந்தது. ஸ்க்ரூடிரைவரைப் பையில் போட்டுக்கொண்டு, லிஃப்டை ஓட விட்டுவிட்டுப் போனான்.

லேப் அக்கா நாள் குறித்துக் கொடுத்த ஸ்கேனுக்கு மட்டும் வரவில்லை. இந்தக் கட்டட வேலை முடியட்டும் என்றான், கயிறு மாற்றிவிட்டு வருகிறேன் என்றான், முதுகு வலி என்றான். பதினோரு வாரம் இப்படித் தட்டிக் கழித்தான். பன்னிரண்டாம் வாரத்தின் முதல் நாள் காலை, லேப் அக்கா அவன் வேலைப் பையைத் திறந்து, சங்கிலி கோத்த சிவப்புத் தகரப் பலகையை எடுத்தார். 'பழுது. இயக்காதீர்' என்று எழுதிய பலகை. அதை மாட்டியவர் யாரோ அவர்தான் கழற்ற வேண்டும் என்பது லிஃப்ட்காரர்களின் சட்டம். ஒருமுறை அவன் உள்ளே இருக்கும்போது ஒரு காவலாளி அதைக் கழற்றிவிட்டு லிஃப்டை ஓட்டியதில் அவனுடைய இடது சுண்டுவிரலின் நுனி போயிருந்தது. அதிலிருந்து அந்தச் சட்டத்தை அவன் உயிராக மதித்தான். லேப் அக்கா பலகையை அவன் கழுத்தில் மாட்டினார்.

"என்னக்கா விளையாட்டு இது? கழட்டு."

"பழுது பார்த்ததும் கழட்டுறேன்."

மூன்று நாள் அவன் அதோடுதான் திரிந்தான். தன் கையால் கழற்றிக்கொள்ள அவனுக்கு மனம் வரவில்லை. அதோடு குளித்தான், அதோடு சாப்பிட்டான், அதோடு வேலைக்குப் போனான். அவன் ஏறிய லிஃப்டில் யாரும் ஏறவில்லை. படிக்கட்டில் ஏறி இறங்கிய ஒரு குடியிருப்புச் சங்கத் தலைவர், ஆளை மாற்றச் சொல்லிப் புகார் எழுதினார். நான்காம் நாள் அவன் ஸ்கேன் அறை வாசலில் வந்து நின்றான். உலோகம் எதுவும் இருக்கக்கூடாது, பலகையைக் கழற்றுங்கள் என்றார் ஸ்கேன்காரர். எங்க அக்காதான் கழட்டணும் என்றான் அவன். வரிசையில் பதினாறு பேர் காத்திருக்க, லேப் அக்காவை நான்காம் மாடியிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர் கழற்றும்போது அவன் கழுத்தில் சங்கிலித் தடம் சிவந்திருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே இன்னும் இரண்டு திட்டு திட்டினார்.

வலது நுரையீரலின் மேல் மடலில் பட்டாணியைவிடச் சற்றே பெரிய கட்டி. பரவியிருக்கவில்லை. மடலோடு வெட்டி எடுத்தார்கள். பெரிய டாக்டர் அன்றே தன் பொறுப்பில் பட்டியலைத் திறந்து மற்ற முப்பது பேருக்கும் ஆள் அனுப்பினார். துணைக் குழு தன் முதல் கூட்டத்துக்கான தேதியை இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது. முப்பது பேரில் பத்தொன்பது பேர் வந்தார்கள், பதினொரு பேருக்கு நேரமில்லையாம். ஆய்வுப் படிவத்தில் வயது, எடை, புகைத்த வருடங்கள் என்பதற்கு அடுத்து 'குழாய் இருமல்: உண்டு / இல்லை' என்று ஒரு கட்டம் சேர்ந்தது. அச்சகத்தில்கூட யாரும் ஏனென்று கேட்கவில்லை.

ஆனால் இருநூற்றேழு நிற்கவில்லை. கட்டி போய் ஐந்து மாதம் ஆகியும் இருமியது. காரணம் லேப் அக்காவுக்கு உடனே புரிந்தது. நேராகப் போய், ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் லிஃப்ட் இயந்திர அறைக்குள் தம்பியைக் கையும் சிகரெட்டுமாகப் பிடித்தார். ஒண்ணே ஒண்ணுதான்க்கா என்றான், அறுத்துத் தைத்த நெஞ்சோடு. அன்று அவர் திட்டவில்லை. திட்டுவதற்குத் தெம்பில்லாமல் படியில் உட்கார்ந்துவிட்டார். அதுதான் அவனைச் சுட்டிருக்க வேண்டும்.

இதற்கிடையே வேறொரு தொல்லை முளைத்தது. குழாய்கள் ஒவ்வொன்றாக நிற்கத் தொடங்கின. எண்பத்தெட்டாம் எண் நின்றபோது லேப் அக்கா போன் செய்து பார்த்தார், அதன் சொந்தக்காரரான தையற்காரர் புகையை விட்டு நாற்பது நாள் ஆகியிருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். பத்தொன்பதாம் எண் நின்றபோதும் அதே சந்தோஷத்தோடு போன் செய்தார். எடுத்தது அந்தக் குழாய்க்காரரின் மகள். அப்பா காலையில் போயிட்டார் என்றாள். ஆள் திருந்தினாலும் குழாய் அமைதியாகிறது, ஆள் போனாலும் அமைதியாகிறது. எது என்று குழாய் சொல்வதில்லை. அதுவரை இருமலைக் கேட்டுப் பயந்த லேப் அக்கா, அதற்குப் பிறகு இருமல் கேட்கவில்லையென்றால் பயந்தார். தினமும் வந்ததும் பெட்டியைத் திறந்து இருநூற்றேழு இருமுகிறதா என்று பார்த்து, இருமினால் நிம்மதியாகி, நிம்மதியானதற்காகத் தன்னையே நொந்துகொண்டார்.

ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு இருநூற்றேழு இருமவில்லை. பத்து மணிவரை பார்த்தார். பெட்டியிலிருந்து எடுத்துக் குலுக்கிப் பார்த்தார். தம்பிக்குப் பதினோரு முறை போன் செய்தார், அவன் எடுக்கவில்லை. அவன் மனைவி, எட்டு மணிக்கே கிளம்பிவிட்டார் என்று சொல்லி இரண்டு தெரு தள்ளி ஒரு கட்டடத்தின் பெயரைச் சொன்னாள். வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் லேப் அக்கா ஓடினார். அங்கே லிஃப்ட் நிறுத்தப்பட்டிருந்தது. ஐம்பத்து நான்கு வயதில் ஒன்பது மாடி ஏறினார். ஒவ்வொரு மாடியிலும் நின்று காது கொடுத்தார்; எங்கும் இருமல் இல்லை, எங்கும் சத்தமே இல்லை. மேலே இயந்திர அறைக் கதவைத் தள்ளினால், தம்பி தரையில் கால் நீட்டி உட்கார்ந்து கிரீஸ் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தான்.

"என்னக்கா, போன் பையில கிடக்குது. எதுக்கு இப்படி மூச்சு வாங்க ஏறி வந்திருக்க? இந்த வயசுல உடம்பைப் பார்த்துக்க வேணாமா?"

அவர் அவனைத் திருப்பி, அழுக்குச் சட்டை முதுகில் காதை வைத்து, மூச்சை இழுடா என்றார். இழுத்தான். விடுடா என்றார். விட்டான். காற்று போய் வந்தது, வேறொன்றும் இல்லை. பிறகு அதே முதுகில் நாலு அடி வைத்தார். போனை எடுக்க மாட்டியா, எடுக்க மாட்டியா என்று ஒவ்வொரு அடிக்கும் ஒருமுறை கேட்டார். அவன் அத்தனையையும் வாங்கிக்கொண்டு, விட்டு நாற்பத்தேழு நாள் ஆகிறது, சொன்னால் நம்பமாட்டாய் என்றுதான் சொல்லவில்லை என்றான்.

மதியம் லேப் அக்கா ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பிப் பதிவேட்டில் எழுதினார்: 'எண் 207. இருமல் நின்றது. நேரில் சென்று பார்த்ததில் ஆள் உயிரோடும் வாய்க்கொழுப்போடும் இருக்கிறார்.' பெரிய டாக்டர் ஒருமுறைக்கு இருமுறை படித்துவிட்டு, எதையும் அடிக்காமல் கீழே கையெழுத்திட்டார்.