சம்பந்தியம்மா உட்கார்ந்த அலமாரி

"எங்க வீட்டுத் துணி அலமாரிக்குள்ள எங்க சம்பந்தியம்மா பிரம்பு மோடா போட்டு உட்கார்ந்து, கால் மேல கால் போட்டு, பிரியாணி சாப்பிட்டுட்டுப் போனாங்க" என்று பேத்தியின் ஞானஸ்நான விருந்தில் ஆண்ட்ரூ சொன்னபோது, பந்தியில் இருந்த ஒருவரும் நம்பவில்லை.

நம்பாததில் தப்பும் இல்லை. ஆண்ட்ரூ முப்பத்தாறு வருடம் சிவாஜி நகருக்கும் விவேக் நகருக்கும் நடுவே ஓடிய பஸ்ஸில் கண்டக்டர். ஒரே நடையில் இருநூற்றுப் பதினாறு பேரை ஏற்றினதாகவும், சிக்னலில் நின்ற நேரத்தில் பின் சீட்டில் ஒரு நிச்சயதார்த்தமே முடிந்துபோனதாகவும் சொல்லிக்கொண்டு திரிகிறவர். சம்பந்தியம்மா டோரீனோ ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. கோயில் பெஞ்சில்கூட முதுகு சாயாமல் உட்காருகிறவர். அவராவது, அலமாரிக்குள் உட்காருவதாவது.

ஆனால் அது நடந்தது. நாலு மாதத்துக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை.

அப்போது ஆண்ட்ரூவின் ஒரே மகள் ஜூடித்துக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வர வேண்டும். அவளும் வரத்தான் ஆசைப்பட்டாள். வீடு விவேக் நகரில், குழந்தை இயேசு கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரே ஒரு படுக்கையறையோடு. அதற்கு முந்தின வாரம், நாள் குறிப்பதற்காக ஜூடித்தோடு வந்த டோரீன், கைப்பையை உள்ளே வைக்கலாம் என்று படுக்கையறை அலமாரியைத் திறந்தார். அதுதான் வினை. மூன்று கதவு வைத்த மர அலமாரி அது. நடுக்கதவு தானாகத் திறந்துகொள்ளாமல் இருக்க ஆண்ட்ரூவின் பழைய யூனிபார்ம் பெல்ட்டால் கட்டியிருந்தது. டோரீன் பெல்ட்டை அவிழ்த்தார். முதலில் ஒரு கம்பளி விழுந்தது. அப்புறம் மிக்ஸி இல்லாத மிக்ஸி அட்டைப்பெட்டி. அப்புறம் பத்தொன்பது டிபன் பாக்ஸ். எல்லாம் விழுந்து முடிய அரை மணி நேரம் ஆனதாக ஆண்ட்ரூ சொல்வார். கடைசி டிபன் பாக்ஸ் டோரீனின் கால் பெருவிரலில் இறங்கியது.

டோரீன் குனிந்து விரலைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார்.

"ஒரு கைக்குட்டை வைக்க இடமில்லை. பிள்ளையோட துணி, மருந்து, எண்ணெய் எல்லாம் எங்க வைப்பீங்க? ஜூடித் எங்க வீட்டுலயே இருக்கட்டும்."

"ஒரு வாரம் கொடுங்க சம்பந்தியம்மா" என்றார் ஆண்ட்ரூ. "அதுக்குள்ள ஒரு ஆள் உட்கார்ற அளவுக்கு இடம் பண்ணிக் காட்டறேன்."

"அப்படி நீங்க பண்ணிட்டா, நானே உள்ள உட்கார்ந்து ஒரு காபி குடிக்கிறேன். அன்னைக்கே ஜூடித்தையும் விட்டுட்டுப் போறேன்."

அடுத்த சனிக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணி என்று முடிவானது. ஜூடித் அப்பாவின் காதோரம் வந்து, "அப்பா, எனக்காகவாவது நிஜமா பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த 'நிஜமா' ஆண்ட்ரூவுக்குள் முள்ளாக உட்கார்ந்துகொண்டது.

வெள்ளிக்கிழமைவரை அவர் அலமாரியைச் சுற்றி வந்து திட்டம் மட்டும் போட்டார். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அலமாரி முன்னால் நின்றார்.

"துணி ஒழிக்கிறதுக்கு விசில் எதுக்குங்க?" என்றாள் மனைவி பிரிஜெட்.

"விசில் ஊதலைன்னா ஒருத்தனும் இறங்க மாட்டான் பிரிஜி."

சட்டம் எளிது. ஒவ்வொரு துணிக்கும் இரண்டு கேள்வி. எங்கே ஏறினே, எங்கே இறங்கணும். ஒரு வருடமாக அலமாரியை விட்டு வெளியே போகாதது எதுவாக இருந்தாலும் அதன் ஸ்டாப் வந்துவிட்டது. கல்யாணக் கோட்டு வெளியே வந்தது. இப்போது அதில் ஆண்ட்ரூவின் ஒரு கை மட்டும் நுழையும். 

"இளீரி, இளீரி" என்று கண்டக்டர் வேலையில் பழகிய கன்னடத்தில் இறக்கிவிட்டார். ஜூடித்தின் ஆறாம் வகுப்பு ஸ்வெட்டர், முந்தைய வாடகை வீட்டு ஜன்னலின் திரைச்சீலை, உள்ளே சேலையே இல்லாத சேலைப் பெட்டிகள், ஜிப்பைத் திறக்காமலே இருபது வருடம் உட்கார்ந்து வந்த துபாய் கம்பளி. பத்து மணிக்குக் கட்டில் மேல் குவிந்தது மின்விசிறியைத் தொட்டுவிட்டது. குவியலுக்கு அந்தப் பக்கம் நின்ற பிரிஜெட்டோடு போனில்தான் பேச வேண்டியிருந்தது என்பது ஆண்ட்ரூவின் கணக்கு.

மென்மையான பருத்திச் சேலைகளை மட்டும் பிரிஜெட் பிள்ளைக்கு என்று எடுத்து வைத்தாள். மத்தியானம் அலமாரியின் நடுப்பகுதி காலி. ஆண்ட்ரூ பெருமிதத்தோடு காபித்தூள் வாங்கக் கிளம்பினார்.

திரும்பி வந்தபோது கட்டில் மேல் ஒரு துணிகூட இல்லை. அலமாரியின் நடுப்பகுதியில் எவர்சில்வர் பளபளத்தது. இரண்டு குண்டான், ஒரு இட்லிப் பானை, மூடி போட்ட டப்பாக்கள், ஒரு பெரிய அண்டா.

"பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிற அம்மா வந்தாங்க" என்றாள் பிரிஜெட், குரலில் வெற்றி. "அவ்வளவு நல்ல துணியைச் சும்மாவா கொடுக்கிறது? அண்டாவைத்தான் தர மாட்டேன்னாங்க. விடலையே நான்."

ஆண்ட்ரூ மோடாவில் உட்கார்ந்தார். "பிரிஜி, பின் வாசல்ல இறக்கிவிட்ட ஆளுங்களையெல்லாம் முன் வாசல்ல ஏத்திட்டியே."

பிரிஜெட் அலமாரியைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் மாறியது. மணி இரண்டரை.

"கோயில் சமையல்கட்டுல அண்டா பத்தலைன்னு போன வாரம் சொன்னாங்க" என்றாள் கடைசியில், அண்டாவின் விளிம்பைத் தடவியபடி. ஒரே ஆட்டோ, ஒரே நடை, எல்லாப் பாத்திரமும் கோயிலுக்கு. அந்த ஆட்டோவில் ஏறிய பாத்திரத்தைப் பார்த்து, ஏதோ ஓட்டல் காலி பண்ணுகிறது என்று தெருவே பேசியதாம்.

திரும்பி வந்த பிரிஜெட் இடதுபக்கக் கதவைத் திறந்து, இடுப்பில் கை வைத்து நின்றாள். உள்ளே பன்னிரண்டு காக்கிச் சட்டைகள், இஸ்திரி கலையாமல், வரிசையாக.

"இவங்கள்லாம் யாரு?"

"ஸ்டாஃப்" என்றார் ஆண்ட்ரூ. "ஸ்டாஃபுக்கு டிக்கெட் கிடையாது."

"என் சேலையெல்லாம் கீழே இறங்கிடுச்சு. ரிட்டயர் ஆகி ஆறு வருஷமான ஸ்டாஃப் ஓசியில உட்கார்ந்து வர்றாங்களா?"

ஆண்ட்ரூ ஒவ்வொரு சட்டையாகக் காலரைத் தடவிக்கொண்டே போனார். பிறகு அவர் விசிலை எடுத்து, ஊதியும் ஊதாமலும் ஒரு சின்னச் சத்தம் எழுப்பினார்.

பிரிஜெட் தையல் மெஷின் முன் உட்கார்ந்தாள். முதல் சட்டையின் பையைக் கத்தரிக்கோல் வெட்டியபோது ஆண்ட்ரூ சமையலறைக்குப் போய் மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தார். பதினோரு சட்டை, இருபத்திரண்டு பை. எல்லாவற்றையும் ஒரு கனத்த போர்வையில் வரிசையாகத் தைத்து, அலமாரிக் கதவின் உள்பக்கம் ஆணி அடித்து மாட்டினார்கள். ஒரு பையில் எண்ணெய், ஒன்றில் பவுடர், ஒன்றில் கட்டைவிரல் அளவு காலுறை. சில்லறையும் டிக்கெட்டும் சுமந்த பைகள் இப்போது பிள்ளைச் சாமானைச் சுமந்துகொண்டு விறைப்பாக நின்றன. பன்னிரண்டாவது சட்டையைப் பிரிஜெட் வெட்டவில்லை. வலது ஓரக் கொக்கியில் மாட்டினாள்.

"ஒருத்தராவது டூட்டியில இருக்கணும்ல" என்றாள்.

சரியாக ஐந்து மணிக்கு டோரீன் வந்தார். பின்னால் ஜூடித், கையில் பெட்டி எதுவும் இல்லாமல். ஆண்ட்ரூ அதைக் கவனித்தார்.

பெல்ட் கட்டாத கதவை டோரீன் எச்சரிக்கையாக, ஒரு காலைப் பின்னுக்கு வைத்துக்கொண்டு திறந்தார். ஒன்றும் விழவில்லை. நடுப்பகுதி மேலிருந்து கீழ்வரை வெறுமை. அதன் நடுவில் ஒரு மோடா. கதவில் இருபத்திரண்டு காக்கிப் பை. டோரீன் ஒவ்வொரு பையாக, விடைத்தாள் திருத்துகிற மாதிரி, விரல் விட்டுப் பார்த்தார். தலைமையாசிரியைக்குச் சிவப்புப் பேனா தேவைப்படவில்லை.

"ஒளகே ஜாகா இதே, முந்தே ஹோகி" என்றார் ஆண்ட்ரூ. உள்ளே இடம் இருக்கிறது, முன்னால் போங்கள். முப்பத்தாறு வருடம் மூச்சு முட்டும் பஸ்ஸில் நின்று தினமும் சொன்ன பொய். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அது உண்மையாக இருந்தது.

"நான் பேச்சுக்குச் சொன்னது" என்றார் டோரீன்.

"டிக்கெட் கிழிச்சாச்சு சம்பந்தியம்மா."

டோரீன் மருமகளைப் பார்த்தார். ஜூடித் சிரிப்பை அடக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தாள். டோரீன் செருப்பைக் கழற்றினார், தலையைத் தாழ்த்தினார், உள்ளே போய் மோடாவில் உட்கார்ந்தார். அப்போதும் முதுகு சாயவில்லை. பிரிஜெட் காபி கொண்டுவந்து நீட்டினாள். கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார்.

"ஜூடித், உன் பெட்டி கார்லதான் இருக்கு. எடுத்துட்டு வரச் சொல்லு."

அதற்கப்புறம் யார் கேட்டாலும் டோரீன் ஒரே பதில்தான் வைத்திருந்தார்: "அவர் சொல்றதையெல்லாம் நம்பாதீங்க."

இப்போது ஞானஸ்நான விருந்தில் பந்தி முழுவதும் சிரித்தது. "ஆண்ட்ரூ அண்ணே, அலமாரிக்குள்ள பாயசமும் பரிமாறினீங்களா?" என்றார் ஒருவர். ஆண்ட்ரூ சளைக்கவில்லை. எதிர் வரிசையில் பேத்தியை மடியில் வைத்திருந்த டோரீன் பக்கம் கையை நீட்டினார்.

"அவங்களையே கேளுங்க."

எல்லாத் தலையும் திரும்பியது. டோரீன் பேத்தியின் காலுறையை இழுத்துவிட்டார். எந்தக் காக்கிப் பையிலிருந்து அது வந்தது என்று அவருக்குத் தெரியும்.

"பிரியாணி எல்லாம் இல்லை" என்றார். "காபி. சர்க்கரைதான் கொஞ்சம் கம்மி. உட்கார நல்லா தாராளமா இருந்துச்சு."