கண்ணாடியில் பனி

குளிர்காலத்தில் துப்பாக்கி கூடாரத்துக்குள் வரக்கூடாது. வந்தால் அடுப்புச் சூட்டில் அதன்மேல் பொருத்திய குறிபார்க்கும் கண்ணாடி வேர்க்கும். வெளியே கொண்டுபோனதும் அந்த வேர்வை பனிக்கட்டியாக உறைந்துவிடும். அதனால் ஸ்பிரிடோனின் துப்பாக்கி எப்போதும் சறுக்குவண்டியின் மேல், தோலுறைக்குள் கிடக்கும். பெண்கள் அதைத் தாண்டக்கூடாது, தொடவும் கூடாது. தொட்டால் வேட்டை விலகிப் போய்விடும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அகுலினா சுற்றிக்கொண்டுதான் போவாள்.

அப்படிக் காத்த துப்பாக்கிக்கு இந்தக் குளிர்காலத்தில் என்னவோ ஆகியிருந்தது.

"மறுபடியும் பனி மூடிடுச்சு," என்று சொல்லிக்கொண்டு வருவான் ஸ்பிரிடோன். அதற்குள் அவர்கள் மேய்க்கும் பண்ணை மந்தையிலிருந்து ஓநாய் ஒரு மானை இழுத்துக்கொண்டு போயிருக்கும்.

மூச்சுக்காற்று பட்டிருக்கும் என்றான்; வாயைத் துணியால் கட்டிக்கொண்டான். முயல்தோலால் துடைத்துத் துடைத்துப் பார்த்தான். உள்ளே ஈரம் புகுந்துவிட்டது என்றான். கடைசியில் மனைவியைப் பார்த்துத் திரும்பினான்.

"நீ தாண்டினியா?"

"இந்த முட்டியை வச்சுக்கிட்டு ஒரு விறகுக்கட்டையைத் தாண்ட முடியல. உன் துப்பாக்கியைத் தாண்டுறேனாக்கும்! போ கிழவா."

அகுலினாவின் தம்பி கவ்ரில் ஊரிலிருந்து மாவுமூட்டையோடு சேதியும் கொண்டுவந்தான்.

"பண்ணைக்காரங்க கண்டிப்பா சொல்லிட்டாங்க மாமா. இன்னும் ஒரு மான் போச்சுன்னா மந்தையை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்களாம். உங்களுக்கு ஊர்ல ஒரு அறை தருவாங்களாம். சூடா இருக்குமாம்."

"சூட்டுல கண்ணாடி வேர்க்குமேடா," என்றான் ஸ்பிரிடோன். யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் கவ்ரில் வழிதவறிய மான்களைத் தேடி ஆற்றுப்பக்கம் போயிருந்தான். நடுப்பகலில் நாய்கள் குரைத்தன. அந்த வடகோடியின் குளிர்காலச் சூரியன் மலைமுகட்டைத் தொட்டும் தொடாமலும் நின்றது. அகுலினா வெளியே ஓடிவந்தபோது ஸ்பிரிடோன் சறுக்குவண்டியருகே மண்டியிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"வெள்ளையா இருக்கு. எல்லாமே வெள்ளை."

"இங்க குடு."

"தொடாதே!"

"வேட்டை விலகாம இப்ப என்ன வாழுது? குடுன்னா!"

துப்பாக்கி அவன் கையிலிருந்து சுலபமாக வந்துவிட்டது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

மூச்சை அடக்கிக்கொண்டு கண்ணை வைத்தாள். பனி ஒரு துளியும் இல்லை. கறுப்புச் சிலுவைக்கோடுகளுக்கு அப்பால் லார்ச் மரக்கிளைகளில் தொங்கிய பாசியின் இழைகள் தெரிந்தன. பனியைக் கிளறி மேய்ந்துகொண்டிருந்த மான்களுக்கு நடுவே வெள்ளைநெற்றி என்ற அவர்கள் மான் தலையைத் தூக்கியது. அதன் இமையில் உறைந்திருந்த பனித்தூள்கூடத் தெரிந்தது. சற்றுத் தள்ளி, வயிற்றைப் பனியில் பதித்து, ஓநாய்.

"ஐயோ, நம்ம வெள்ளைநெத்தி! பின்னாடியே..."

நாக்கைக் கடித்துக்கொண்டாள். கண்ணாடியில் பனி இல்லை என்பதை அவளே சொல்லியாகிவிட்டது.

ஸ்பிரிடோனின் கையில் முயல்தோல் அசையாமல் நின்றது. நாய்கள் மட்டும் குரைத்துக்கொண்டிருந்தன.

"இமைப்பனி தெரியுதா?" என்று கேட்டான். அந்தக் கண்ணாடி எவ்வளவு காட்டும் என்று அவனுக்குத் தெரியும்.

அவள் துப்பாக்கியைத் தோளில் பதித்தாள்.

"மூச்சை ஒதுக்கி விடு, கண்ணாடில படக்கூடாது. கோடு ஓநாயோட தோள்ல நிக்கட்டும். இழுக்காதே, மெதுவா அமுக்கு."

அவள் அமுக்கினாள். துப்பாக்கி தோளில் இடித்தது. கிளைகளிலிருந்து பனி பொலபொலவென்று கொட்டியது. மந்தை சிதறி ஓடியது.

மறுபடி கண்ணை வைத்தபோது ஓநாய் மரங்களுக்குள் மறைந்துகொண்டிருந்தது. வெள்ளைநெற்றி மட்டும் ஓடவில்லை. பாசி தேடுவதுபோல முன்னங்கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தது. அதன் கழுத்தடியில் பனி சிவந்துகொண்டே போனது. ஓநாய் அதன் பக்கத்தில்கூட வந்திருக்கவில்லை.

மான்கள் கிழக்கே ஓடின. ஸ்பிரிடோன் மேற்கே பார்த்துக்கொண்டு நின்றான்.

"பட்டுச்சா?"

ஆயுசுக்கும் அவன் யாரிடமும் கேட்டிராத கேள்வி.

அகுலினா கண்ணாடியிலிருந்து முகத்தை எடுக்கவில்லை.

"தெரியல," என்றாள். "பனி மூடிடுச்சு."