சினைப்பன்றி வழக்கு

மறுநாள் ஊர்க்கூட்டம். தன் சினைப்பன்றியைச் சுட்டுக்கொன்ற எம்பெராப் பழங்குடிக்காரன் ஆர்செலினோவை எல்லார் முன்னாலும் நிறுத்தி, ஈடாக வேறொரு பன்றி வாங்கிவிடுவது என்று யூஃப்ரோசினா இருந்தாள். அந்த வருஷப் பிழைப்பே அந்தப் பன்றிதான். அன்று மாலை ஆர்செலினோவே தோணியில் வந்து இறங்கினான். பின்னால் மனைவி டெல்ஃபா, கையில், அவர்கள் வழக்கப்படி உடம்பெல்லாம் கருஞ்சாயம் தீட்டிய குழந்தை.

“அக்கா, பாப்பாவுக்கு நீங்கதான் ஞானஸ்நானத் தண்ணி ஊத்தணும்.”

அடுப்படியிலிருந்து நாத்தனார் நின்ஃபா சிரித்தாள். “வந்துட்டான் பாரு! அண்ணி, ஊத்திட்டா பாப்பாவுக்கு நீங்க ஞானத்தாய்; அவன் உங்களுக்குக் கொம்பாத்ரே, நீங்க அவனுக்குக் கொமாத்ரே. நாளைக்கு எந்த வாயால வழக்குப் பேசுவீங்க?”

எங்கள் பௌதோ ஆற்றில் கறுப்பரும் எம்பெராக்களும் எதற்கும் சண்டை போடுவார்கள். ஞானஸ்நான உறவு வந்துவிட்டால் மட்டும் போடமாட்டார்கள்.

“ஏம்ப்பா, இந்த ஆத்துல வேற கறுப்பியே இல்லையா?”

“இருக்காங்க. அவங்க பன்னி எங்க சோளத்துக்கு வரல.”

“வந்தா விரட்டணும். சுடுவியா?”

“விரட்டினேன். திரும்பி வந்துச்சு. உங்கள மாதிரியே பிடிவாதம்.”

“கூட்டம் முடியட்டும். நாளன்னைக்கு வா.”

டெல்ஃபா யூஃப்ரோசினாவின் கையைப் பிடித்துக் குழந்தையின் நெற்றியில் வைத்தாள். கொதித்தது. மழை விட்டால்தான் பாதிரியார் வருவார். தண்ணீர் ஊற்றாமலே குழந்தை போய்விட்டால், கேட்டும் மறுத்தவள் என்ற பேர் ஆறு முழுக்க நிற்கும்.

“காய்ச்சலும் நல்லா நேரம் பாத்துத்தான் வருது,” என்றாள் நின்ஃபா.

“வாய மூடிக்கிட்டு சுரைக்குடுக்கைய எடுடி. என்ன பேருப்பா?”

“நீங்களே வைங்க.”

“பன்னி பேரையே வச்சிருங்க, அண்ணி.”

அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் ஒதிலியா என்று பேர் வைத்து யூஃப்ரோசினா தண்ணீர் ஊற்றினாள். குழந்தை வீறிட்டது. டெல்ஃபா தோணிக்குப் போய் இலைப்பொட்டலம் ஒன்றை எடுத்துவந்து நீட்டினாள். உள்ளே புகையில் வாட்டிய பன்றித்தொடை.

“உங்க பங்கு, கொமாத்ரே.”

யூஃப்ரோசினா மோந்து பார்த்தாள். ஓரத்தில் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.

“உப்பு பத்தல,” என்றாள்.

காய்ச்சல் இறங்கிவிட்டதாகக் காலையில் சொல்லியனுப்பினார்கள். கூட்டத்தில் தலைவர் நிக்கனோர் அவள் பேரைக் கூப்பிட்டார்.

“உன் பன்னி வழக்கு என்னம்மா?”

“வழக்கு இல்ல.”

“அப்ப பன்னி கிடைச்சிருச்சா?”

“தின்னாச்சு.”

“யாரு தின்னது?”

“நானும் என் கொம்பாத்ரேயும்.”