சீனி இறங்கவில்லை

கோபிசன் ஒரே நாளில் குணமாகிவிட்டான் என்ற செய்தி வந்தபோது, நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். கண்ணில் நீர் வந்தது. பழியை வெங்காயத்தின் மேல் போட்டேன். உண்மையைச் சொல்வதானால் எனக்கு வயிறு எரிந்தது.

எரியாமல் என்ன செய்யும்? பதினேழு வருடங்களாக நான் மெத்தடோன் குடிக்கிறேன். இளவயதில் ஹெரோயினுக்கு அடிமையாகி, சுவிஸில் பேர்ண் நகர ரயில் நிலையத்தைச் சுற்றி நாலு வருடம் நாயாய் அலைந்தவன் நான். அதிலிருந்து என்னை இழுத்து வெளியே போட்டது இந்தக் கசப்புச் சிரப்தான். வாரத்தில் ஒரு நாள் சிகிச்சை நிலையத்துக்குப் போய், தாதியின் முன்னால் ஒரு வேளை மருந்தைக் குடித்துவிட்டு, மற்ற ஆறு நாளுக்கும் போத்தல்களில் வாங்கி வருவேன். அதைக் குடித்துக்கொண்டுதான் சமையற்காரனாகப் பயிற்சி முடித்தேன், கலியாணம் கட்டினேன், பிள்ளை பெற்றேன். ஒரு நாள்கூட வேலைக்குப் பிந்திப் போனதில்லை. ஆனாலும் ஊருக்குச் சொல்லவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் "வயிற்றுப் புண், அதற்குத்தான் மருந்து" என்றேன். மனைவி கஜலக்சுமிக்கு மட்டும் தெரியும். பதின்மூன்று வயது மகள் அக்‌ஷயாவுக்கும் அந்த வயிற்றுப் புண் கதைதான். பாவம் பிள்ளை, அப்பாவின் கறிக்கு உறைப்பைக் குறைக்கச் சொல்லித் தாயோடு சண்டை பிடிப்பாள்.

கோபிசனை நான் அறிந்ததே அந்தச் சிகிச்சை நிலையத்தில்தான். மோட்டார் சைக்கிள் விபத்தில் இடுப்பு உடைந்து, வலிக் குளிசையில் தொடங்கி ஹெரோயினில் போய் நின்றவன். ஆறு வருடம் என்னோடு மெத்தடோன் குடித்தான். பிறகு சுமித்ராவைக் கட்டி நொஷாட்டல் நகரத்துக்குப் போய், மணிக்கூட்டுப் பாகங்கள் செய்யும் பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். என்னைவிடப் பத்து வயது இளையவன். வாய் மட்டும் என்னைவிட மூத்தது.

"அண்ணை, முடிஞ்சுது!" என்றான் தொலைபேசியில்.

"என்னடா முடிஞ்சுது?"

"எல்லாம்! மெக்சிக்கோவில ஒரு கிளினிக். இபோகேயின் எண்டு ஒரு மருந்து, ஆபிரிக்காவில ஒரு செடியின்ர வேர்ப்பட்டையில இருந்து எடுக்கிறது. ஒரே ஒருக்காத்தான் குடுத்தவங்கள். முப்பது மணித்தியாலம் அப்பிடியே கிடந்தன். செத்துப்போன அப்பா வந்து பக்கத்தில இருந்து கதைச்சவர். எழும்பிப் பாத்தா நடுக்கமில்லை, வேர்வையில்லை, உளைவில்லை. நீங்கள் இன்னும் உந்தச் சிரப்பைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்."

அந்தக் கடைசி வசனம் ஒரு வாரம் என்னை அரித்தது. அடுத்த வாரம் சிகிச்சை நிலையத்தில் வைத்தியர் அம்மாவின் முன்னால் போய் உட்கார்ந்து, கோபிசனின் கதையை ஒன்றுவிடாமல் சொல்லி, "எனக்கும் அந்த இபோகேயின் வேண்டும்" என்றேன். அவர் ஓய்வுபெறும் வயதை எட்டிய பேர்ண்காரி. ஆறுதலாகத்தான் பேசுவார். நான் சத்தம் போட்டும் அவர் கோபிக்கவில்லை. அது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

உங்கள் நண்பன் பொய் சொல்லவில்லை என்றுதான் தொடங்கினார். பலருக்கு அந்த மருந்து, போதையை விடும்போது உடம்பில் வரும் வேதனையை ஒரே நாளில் எடுத்துவிடுகிறதாம். ஆனால் செய்யப்பட்ட ஆராய்ச்சிகள் சிறியவை. ஒரு வருடம் கழித்து எத்தனை பேர் விட்டபடியே இருக்கிறார்கள் என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாதாம். இங்கே அதற்கு அனுமதியும் இல்லை. பிறகு என்னுடைய இதயத் துடிப்பின் வரைபடத்தை எடுத்து மேசையில் வைத்து, பேனாவால் ஓர் இடைவெளியைக் காட்டினார். இபோகேயின் இந்த இடைவெளியை நீட்டிவிடும், அதனால் துடிப்புக் குழம்பிச் செத்தவர்கள் இருக்கிறார்கள். மெத்தடோனும் கொஞ்சம் நீட்டும். இரண்டும் ஒன்றாகச் சேரவே கூடாது. "இந்த இதயத்தோடு நீங்கள் அங்கே போனால், உங்களை நான் திரும்பப் பார்க்காமல் போகலாம்" என்றார்.

"அப்போ சாகும்வரைக்கும் இந்தச் சிரப்தானா?" என்று கேட்டேன்.

"வேண்டாமென்றால் மாற்றலாம். மெதுவாகக் கரையும் மோர்பின் குளிசை இருக்கிறது. நாக்குக்கு அடியில் வைக்கும் புப்ரெனோர்பின் இருக்கிறது, அதையே மாதம் ஒரு ஊசியாகவும் போடலாம். எல்லாமே அலுப்பான மருந்துகள். ஒன்றும் உங்கள் அப்பாவைக் கூட்டிவந்து காட்டாது. ஆனால் இவற்றை ஒழுங்காக எடுப்பவர்கள், எடுக்காதவர்களைப் போலச் சாவதில்லை. முப்பது வருடமாக நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்."

கடைசியாக அவர் சொன்னதுதான் முக்கியம். எந்த வழியில் விட்டாலும், விட்டவனுடைய உடம்பு ஹெரோயினை மறந்துவிடும். முன்பு தாங்கிய அளவை இப்போது தாங்காது. பழைய அளவை ஒரு தடவை எடுத்தாலே மூச்சு நின்றுவிடும். ஹெரோயினை முறிக்கும் மருந்து நலோக்சோன் என்று சொல்லி, மூக்கில் அடிக்கும் சின்ன ஸ்ப்ரே இரண்டை என் கையில் தந்தார். உங்கள் வீட்டிலும் பிள்ளை இருக்கிறது, ஆறு நாள் மெத்தடோன் அலுமாரியில் இருக்கிறது, ஆகவே உங்களுக்கும் வேண்டும் என்றார். நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வாங்கிப் பையில் போட்டேன்.

கோபிசனுக்குத் தொலைபேசி எடுத்து, நீயும் இதை வாங்கி வைத்துக்கொள் என்றேன். அவன் சிரித்தான். "அண்ணை, வாசலில ஒரு தீயணைப்பு வண்டியும் வாங்கி விடட்டோ?"

அடுத்த ஏழு மாதமும் அவன்தான் கதாநாயகன். கோயிலில், கலியாண வீடுகளில், எங்கே போனாலும் அவன் கதை. அவன் எல்லாவற்றையும் வெளியே சொன்னான். வென்றவன் சொல்லலாம். மருந்தில் இருக்கும் நான் வாயைத் திறக்க முடியுமா? எங்கள் ஆட்களுக்கு விட்டவன் வீரன், மெத்தடோன் குடிப்பவன் இன்னும் போதையை விடாத குடுகாரன். நானும் பதினேழு வருடம் அப்படித்தான் என்னை நினைத்துக்கொண்டிருந்தேன்.

தமிழ்ப் பாடசாலையின் ஆண்டு விழா ஒரு சனிக்கிழமை மத்தியானம், பேர்ணுக்கு வெளியே ஒரு மண்டபத்தில் நடந்தது. பிள்ளைகளின் நடனத்துக்கும் பரிசளிப்புக்கும் நடுவே "போதையை வென்றவர்" என்று கோபிசனின் பேச்சுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். விழாக்குழுத் தலைவி யோகாம்பாள் அக்கா. அவர் போட்ட கோட்டை அங்கே ஒருவரும் தாண்டுவதில்லை. என்னைக் குசினியில் ரோல்ஸ் பொரிக்க விட்டிருந்தார்.

கோபிசன் கோட்டும் சூட்டுமாகக் குசினிக்குள் வந்தான். முகமெல்லாம் வேர்வை.

"அண்ணை, கை நடுங்குது."

"மேடைப் பயமடா" என்றேன். எனக்குள் ஒரு சின்னச் சந்தோசம். பெரிய மனிதனுக்கும் நடுங்குகிறதே.

அவன் ஏதோ சொல்ல வந்தவன் மாதிரிக் கொஞ்ச நேரம் நின்றான். நான் திரும்பிப் பார்க்கவில்லை, எண்ணெய்ச் சட்டியில் ரோல்ஸைப் புரட்டினேன். அவன் போய்விட்டான். பொறாமை பிடித்தவன் நான், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அரை மணி நேரம் போயிருக்கும். மேடைக்குப் பின்னாலிருந்த உடுப்பு மாற்றும் அறையில் சுமித்ராவின் அலறல் கேட்டது. அடுப்பை நிறுத்திவிட்டு ஓடினேன். நடன உடுப்புப் பெட்டிகளுக்கு நடுவே கோபிசன் தரையில் கிடந்தான். சுற்றிவரப் பத்துப் பன்னிரண்டு பேர்.

"சீனி இறங்கிட்டுது! கோலா கொண்டு வாங்கோ!" என்று யோகாம்பாள் அக்கா கத்தினார்.

எங்கள் சனத்துக்கு விழுந்தவன் எவனென்றாலும் இரத்தத்தில் சீனி குறைந்ததுதான் காரணம். அந்த மண்டபத்தில் பாதிப் பேருக்குச் சீனி வருத்தம். ஒருவர் சட்டைப் பையிலிருந்து டொபி எடுத்தார், இன்னொருவர் கைப்பையிலிருந்து சீனி பார்க்கும் மெஷினை எடுத்துக் கோபிசனின் விரலில் குத்தினார். ஆறு புள்ளி ஒன்று. நல்ல சுகதேகியின் சீனி.

"மெஷின் பிழை" என்றார் யோகாம்பாள் அக்கா. "வாயைத் திறந்து ஊத்துங்கோ."

நான் குனிந்து அவன் கண் இமையைத் தூக்கினேன். கண்மணி ஊசி முனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. உதடு நீலம். மூச்சு ஒரு குறட்டை போல வந்தது, பிறகு வரவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. சுமித்ராவை நிமிர்ந்து பார்த்தேன். அவளுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே, "ஓம், அவருக்குச் சீனிதான்" என்றாள். கணவனின் மானத்தை அவள் காக்கிறாள். நான் பதினேழு வருடம் செய்ததும் அதுதானே, அவளை நான் எப்படிக் குறை சொல்ல?

என் பை குசினியில் தொங்குகிறது. ஸ்ப்ரேயை எடுத்தால், இது உன்னிடம் எப்படி வந்தது என்று கேட்பார்கள். வாசலில் அக்‌ஷயா நடன உடுப்போடு நிற்கிறாள். நான் ஒரு மூச்சு நேரம் தயங்கினேன். அந்த நேரத்தில் அவன் மூச்சு விடவேயில்லை.

"தள்ளுங்கோ!" என்று கத்தினேன். "சீனி இறங்கேல்லை. இது ஹெரோயின்! ஆராவது நூற்று நாற்பத்து நாலுக்கு அடியுங்கோ, அம்புலன்ஸைக் கூப்பிடுங்கோ!"

"என்ன கதை கதைக்கிறாய் தம்பி? அவன் விட்டவன்!"

"விட்டபடியாத்தான் சாகிறான் அக்கா! அக்‌ஷயா, குசினியில அப்பாவின்ர பை, ஓடு!"

சலங்கை குலுங்க என் பிள்ளை ஓடினாள், அதே வேகத்தில் திரும்பி வந்தாள். கோபிசனின் வாயிலிருந்த கோலாவைத் துடைத்தெறிந்தேன். தலையைப் பின்னால் சரித்து, மூக்கில் ஸ்ப்ரேயை வைத்து அமத்தினேன். பிறகு அவன் மூக்கைப் பொத்தி, வாயில் வாய் வைத்து ஊதினேன். நெஞ்சு எழும்பி இறங்கியது. மறுபடி ஊதினேன். ஒன்றும் இல்லை.

"உனக்கு உதெல்லாம் எப்பிடித் தெரியும்?" என்று யாரோ கேட்டார்.

"நானும் அதால வந்தவன்தான்." ஊதினேன். "பதினேழு வருசமா மெத்தடோன் குடிக்கிறன்." ஊதினேன். "வயித்துப் புண்ணெண்டு உங்கள் எல்லாருக்கும் சொன்னது பொய்."

மூன்று நிமிடம் போயும் கோபிசனிடம் அசைவில்லை. இரண்டாவது ஸ்ப்ரேயை மற்ற மூக்குத் துவாரத்தில் அடித்தேன். ஊதினேன், ஊதினேன், என் தலை சுற்றியது. அப்போது அவன் தொண்டையில் ஒரு சத்தம். நெஞ்சு தானாக எழும்பியது. இன்னொரு தடவை. நீலம் மெல்ல வடிந்து உதடு சிவந்தது. கோபிசன் இருமிக்கொண்டு கண்ணைத் திறந்தான்.

"எந்த நாயடா எனக்கு உந்த ஸ்ப்ரேயை அடிச்சது?" என்றான்.

ஹெரோயினை உடம்பிலிருந்து ஒரேயடியாகப் பிடுங்கினால் அப்படித்தான் கோபம் வரும். என் வாழ்நாளில் அதைவிட இனிமையான ஏச்சை நான் கேட்டதில்லை. "நான்தானடா அந்த நாய்!" என்று கத்திச் சிரித்தேன், அழுதேன், அவன் கன்னத்தில் ஓங்கி ஒரு முத்தம் கொடுத்தேன். சுமித்ரா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நிமிர்ந்தபோது அக்‌ஷயா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண் மை கரைந்து கன்னமெல்லாம் வழிந்திருந்தது.

அம்புலன்ஸ் வந்து கோபிசனை ஏற்றிக்கொண்டு போன பிறகு, வீட்டுக்குப் போகும்போது ட்ராமில் அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"பதினேழு வருசத்தில ஒரு நாளும் மருந்தை விடேல்லையோ அப்பா?"

"இல்லை."

"ஹெரோயினை?"

"ஒருக்காலும் தொடேல்லை."

"பிறகேன் ஒளிச்சீங்கள்? நானெண்டால் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லியிருப்பன்" என்று சொல்லி என் தோளில் சாய்ந்தாள். சீட்டில் நேராக நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் கோபிசன் சாதுவாக இருந்தான். "இபோகேயின் ஏமாத்தோடா?" என்று கேட்டேன்.

"இல்லை அண்ணை. நடுக்கத்தை உண்மையாவே எடுத்தது. பயத்தை எடுக்கேல்லை. மேடையை நினைச்சுப் பயம். ஒருக்கா மட்டும் எண்டு பழைய அளவைத்தான் எடுத்தனான். போதையை வென்றவர் எண்டு போஸ்டர் அடிச்ச பிறகு ஆருக்கு நான் சொல்லுறது?"

அவனுடைய இதய வரைபடத்தைப் பார்த்த வைத்தியர்கள், மெத்தடோனைவிட மாத ஊசி பொருத்தம் என்றிருந்தார்கள். ஓம் என்றுவிட்டான். நொஷாட்டல் சிகிச்சை நிலையத்தில் பதிவு கிடைக்கும்வரை பேர்ணில் என்னுடைய நிலையத்திலேயே போடுவதாக ஏற்பாடு.

மண்டபத்துக் கதை அதற்குள் பாசல் வரை போயிருந்தது. இரண்டு பேர் வழியில் என்னைக் கண்டு அடுத்த பக்கம் மாறி நடந்தார்கள். நடக்கட்டும். அடுத்த செவ்வாய்க்கிழமை நான் முதல் தடவையாகச் சிகிச்சை நிலையத்தின் முன் வாசலுக்கு, தலையை மூடாமல், மெயின் ரோட்டில் நடந்து போனேன். கோபிசன் என்னோடு வந்தான். சந்தோசத்தில் எனக்குக் கால் தரையில் படவில்லை.

வாசலில் யோகாம்பாள் அக்கா நின்றார். கொஞ்சம் தள்ளி மதிலோடு ஒட்டிக்கொண்டு அவருடைய மகன் சயன். ஜெனீவாவில் பெரிய கொம்பனியில் வேலை என்று ஊரெல்லாம் சொல்லப்பட்ட பிள்ளை. இருபத்தாறு வயதுக்கு உடம்பு காய்ந்து, சட்டைக் கை மணிக்கட்டு வரை இழுத்து மூடியிருந்தது. கோபிசன் விழுந்தபோது இந்த மனிசி ஏன் அப்படிச் சீனி சீனி என்று கத்தினார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"தம்பி" என்றார் அக்கா. குரல் உடைந்து வந்தது. "மூண்டு வருசமா இவன்ர ஹெரோயின் பழக்கத்தை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. இஞ்ச ஆரிட்டக் கேட்கிறது, என்ன சொல்லுறது எண்டும் தெரியாது. நீ அண்டைக்கு அத்தனை பேருக்கு முன்னால சொன்னபடியாத்தான், கஜலக்சுமியிட்டக் கேட்டு இஞ்ச வந்தனான்."

கோபிசன் போய்ச் சயனின் தோளில் கை போட்டான். நான் கதவைத் திறந்து பிடித்தேன்.

"வாங்கோ அக்கா" என்றேன். "நான் சொல்லுறன். எனக்கு இஞ்ச எல்லாரையும் தெரியும்."