சந்தனம்மாள் நீச்சல் கற்றது

கயல் மூழ்கியபோது கரையில் நான்கு பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். சந்தனம்மாளும் அவர்களில் ஒருத்தி. மழை பெய்து, ஜெயமங்கலத்து ஆற்றில் தண்ணீர் கூடியிருந்தது. கயல் ஒன்பதாவது படிக்கும் பிள்ளை; கால் வழுக்கி ஆழத்துக்குப் போய்விட்டாள். கரையில் இருந்த யாருக்கும் நீச்சல் தெரியாது. துவைத்த சேலையை வீசிப் பார்த்தார்கள், எட்டவில்லை. வயலில் இருந்த ஆண்கள் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

காரியம் கழிந்த மறுநாள் சந்தனம்மாள் கணவரிடம் கேட்டாள்.

“எனக்கு நீச்சல் கத்துக்குடுங்க.”

வாழைக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்த முத்துவீரன் நிமிர்ந்து பார்த்தார். “இந்த வயசுல என்னத்துக்கு? ஊர்ல சிரிப்பாக.”

“சிரிக்கட்டும். பொம்பளப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுக்க இங்கன ஒரு பொம்பள இல்ல. ஆம்பளைககிட்ட வயசுப் பிள்ளைகள விடமாட்டாக. நான் கத்துக்கிட்டா நானே சொல்லிக்குடுப்பேன்ல?”

தோட்டத்தில் படிக்கட்டு வைத்த கிணறு இருந்தது. முத்துவீரன் முன்னே இறங்க, மிதப்பதற்காக முதுகில் காலி பிளாஸ்டிக் கேனைக் கட்டிக்கொண்டு அவளும் இறங்கினாள். முகத்தில் தண்ணீர் பட்டதும் பயந்துபோய் முத்துவீரனின் கழுத்தைக் கட்டிப்பிடித்தாள். இருவரும் முங்கி எழுந்தார்கள். “என்னையும் சேத்துக் கொன்னுருவ போல!” என்று அவர் கத்தினார். அவள் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் விடிந்ததும் மறுபடி கிணற்றடிக்கு வந்துவிட்டாள்.

முத்துவீரனைச் சிறு வயதில் யாரோ கிணற்றில் தள்ளிவிட்டதில்தான் அவருக்கு நீச்சல் வந்தது. எப்படி வந்தது என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அதனால் அவள் தனக்குத் தெரிந்த வழியில் தொடங்கினாள். படிக்கல்லைப் பிடித்துக்கொண்டு முகத்தை மட்டும் முக்கி மூச்சை விட்டாள். அது பழகியதும் தண்ணீருக்குள் கண்ணைத் திறந்தாள். பிறகு கல்லை விடாமல் காலை உதைத்தாள். தினமும் களையெடுக்கப் போகும் முன் இதுதான் வேலை. மேலே நின்று காவல் பார்ப்பது முத்துவீரனின் வேலை. காய்ச்சல் வந்த நாட்களில்கூடப் படியில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனாள்.

தை மாதத்தில் ஒரு காலை, கேன் இல்லாமல் கிணற்றின் எதிர்ச்சுவர் வரை நீந்திப் போய்த் தொட்டாள்.

“ஏ ஆத்தா!” என்றார் முத்துவீரன்.

அவளுக்குச் சிரிப்பும் மூச்சிரைப்பும் சேர்ந்து வந்தன. நாற்று நடவும் புல்லுக்கட்டு சுமக்கவும் மட்டுமே தெரிந்த உடம்பு என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தாள்.

அதன்பின் வீடு வீடாகப் போய், பெண் பிள்ளைகளை நீச்சல் பழக அனுப்பச் சொல்லித் தாய்மார்களிடம் கேட்டாள். “தண்ணிப் பக்கமே போகாதன்னு சொல்லி வளக்குறோம். நீங்க என்னக்கா கிணத்துக்குக் கூப்பிடுறீக?” என்றார்கள். யாரும் அனுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக நீந்திவிட்டுக் காத்திருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கயலின் அம்மா பூமாரி வந்தாள். சின்ன மகள் மாரீஸ்வரியையும் கூட்டி வந்திருந்தாள். தண்ணீரைப் பார்த்ததும் பிள்ளை வீரிட்டு அம்மாவைக் கட்டிக்கொண்டது.

“இன்னைக்கு வேணாம் பூமாரி, கூட்டிட்டுப் போ,” என்றாள் சந்தனம்மாள்.

பூமாரி போகவில்லை. மகளை மேல்படியில் உட்கார வைத்துவிட்டுச் சேலையை இழுத்துச் செருகினாள்.

“மதினி, மொதல்ல எனக்குச் சொல்லிக்குடுங்க. நான் எறங்குறதப் பாத்தா அவளும் எறங்குவா.”

சந்தனம்மாள் அவள் கையைப் பிடித்து இறக்கினாள்.

பூமாரியே இறங்கிவிட்டாள் என்று தெரிந்ததும் மற்றவர்களும் பிள்ளைகளை அனுப்பத் தொடங்கினார்கள். சித்திரையில் பள்ளிக்கூடம் லீவு விட்டபோது கிணறு நிறையப் பெண் பிள்ளைகள். பூமாரி ஓரளவு நீந்தினாள். மாரீஸ்வரி அதற்குள் முழங்கால் தண்ணீர் நிற்கும் படி வரை இறங்கியிருந்தாள். அவளை யாரும் அவசரப்படுத்தவில்லை.