மழைக் காட்சியில் தோற்றவர்கள்

கிரேன் ஓட்டுநர் தேர்வில் தோற்ற சந்தனச்செல்வி, மறுநாள் காலை பயிற்சி நிலையத்து வாசலில் ஜெமிமாவை மறித்தாள். துறைமுகத்தைத் திரையில் காட்டி கிரேனை ஓட்டிப் பார்க்கச் சொல்லும் அந்தத் தேர்வு விளையாட்டை எழுதியவள் ஜெமிமா.

“அக்கா, மழைக் காட்சில பெட்டி கப்பல்ல இடிக்கதுக்கு முன்னாலயே பிரேக்கத் தட்டிட்டேன். அது கேக்கல.”

தோற்றவர்கள் எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள் என்று ஜெமிமாவுக்குத் தோன்றியது. ஆனாலும் புதுக்கோட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்து நிற்பவளிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. உள்ளே கூட்டிப்போய் ஓட்டச் சொன்னாள்.

வெயில் காட்சி வழுக்கிக்கொண்டு போனது. மழையும் அலையும் வந்ததும் படம் திக்கித் திக்கி நகர்ந்தது. ஜெமிமாவின் கணினியில் நொடிக்கு அறுபது படங்கள் ஓடும். இங்கிருந்த பழைய கணினியில் பன்னிரண்டுகூடத் தேறவில்லை. அவள் எழுதிய நிரலோ, ஒரு படத்தை வரைந்து முடித்த பிறகுதான் பொத்தானைப் பார்க்கும். செல்வி பிரேக் பொத்தானைத் தட்டிக் கையெடுத்தது இரண்டு படங்களுக்கு நடுவில் விழுந்து, பதிவாகாமலே போயிற்று.

ஜெமிமா தேர்வு முடிவுகளைத் திறந்து பார்த்தாள். மழைக் காட்சியில் மொத்தம் பதினான்கு பேர் தோற்றிருந்தார்கள்.

இரண்டு நாளில் திருத்தினாள். பொத்தானைத் தட்டுவதை அந்தக் கணமே வாங்கி வைத்துக்கொண்டு, பெட்டியின் அசைவைச் சீராகக் கணக்கிட்டு, நேரம் போதாதபோது படம் வரைவதை மட்டும் தவிர்க்கும்படி செய்தாள்.

“திருத்தியாச்சில்லா, அதோட விடு,” என்றான் அவள் வேலை பார்க்கும் மென்பொருள் நிறுவனத்தை நடத்தும் ரெக்ஸ். “நம்ம தப்புன்னு எழுதிக் குடுத்தா அடுத்த வேலைய எவன் தருவான்?”

“பதினாலு பேரும் தங்களுக்குத்தான் ஓட்ட வரலன்னு நெனச்சிட்டு இருக்காங்க, ரெக்ஸ்.”

“எல்லாரும் பிரேக் போட்டாங்கன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியாது. அதான் திரும்ப ஓட்ட விடணும்.”

ஜெமிமா தன் பெயரிலேயே பயிற்சி நிலையத்துக்குக் கடிதம் அனுப்பினாள். அந்த வாரம் முழுக்க ரெக்ஸ் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மறுதேர்வுக்குப் பத்துப் பேர் வந்தார்கள். ஏழு பேர் தேறினார்கள், செல்வியும்தான். ஆனால் வேலைக்கான இடங்கள் முதல் பட்டியலிலேயே நிரம்பியிருந்தன. ஏழு பேரையும் காத்திருப்போர் பட்டியலில் வைத்தார்கள். அதைச் செல்வியிடம் ஜெமிமாவே போய்ச் சொன்னாள்.

“அன்னைக்கே சரியா ஓடிருந்தா எனக்கு இடம் கெடச்சிருக்கும்லா?”

“கெடச்சிருக்கும்.”

செல்வி தலையாட்டினாள். பையை எடுத்துக்கொண்டு போனாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது ஜெமிமாவுக்கு.